தில்லைப் பாலும் வைரசும்

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருவீதியில், ஒருபுறம் தென்னந்தோப்புகளும் மறுபுறம் உவர்நீர்க் களப்பும் சூழ அமைந்த ஊர் முந்தல். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் இக்களப்பைத் தெற்கே சிலாபத்துடனும் வடக்கே புத்தளக் களப்புடனும் இணைக்கின்றது. மழை குறைந்த இக்கரையிற் பாலுடைய செடிகொடிகள் பல உள. வேலியிற் கள்ளியும், தரிசு நிலத்தில் எருக்கும், கோயில் முன்றிலில் ஆலும் அரசும், வீட்டுப் புறத்திற் பப்பாசியும், களப்போரத்துச் சேற்றிற் கண்டல் மரங்களோடு தில்லையும் வளர்கின்றன. இவற்றுள் எதனைக் கீறினும் வெண்ணிறப் பால் சுரக்கும்.

இப்பாலைப் பற்றி மக்களிடையே இரண்டு கருத்துக்கள் ஒருங்கே வழங்குகின்றன. அது நஞ்சு என்பது ஒன்று. அது மருந்து என்பது மற்றொன்று. பாலுண்ணிக்கு எருக்கம்பால் தடவுவோரே அப்பால் குழந்தைகளின் கண்ணிற் படாதவாறு காப்போருமாவர். பாலுண்ணியும், டெங்குக் காய்ச்சலும், சிக்குன்குன்யாவும் வைரசுக்களால் விளையும் நோய்கள் என்பது தெரிந்த பின்னர், மரப்பால் வைரசைக் கொல்லுமோ என்னும் வினா எழுந்தமை இயல்பே. இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. மரப்பாலும் வைரசும் சந்திக்கும் இடங்கள் பல. இடத்துக்கேற்ப விளைவும் வேறுபடுகின்றது. அவ்விடங்களை வகுத்து நோக்கின் விடை தானே தெளிவாகும்.

முதற்கண் மரப்பால் இன்னதென அறிதல் வேண்டும். வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டு செல்லும் குழாய்கள் வேறு. இலையில் உண்டாகும் சர்க்கரையைப் பிற உறுப்புகளுக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் வேறு. மரப்பால் இவ்விரண்டிலும் ஓடுவதன்று. பாற்குழல்கள் எனத்தக்க தனிக் கலங்கள் செடியின் உடலெங்கும் வலைபோலப் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் அடங்கியுள்ள கலச்சாறே மரப்பால். இறப்பர்த் துகள்கள், பிசின்கள், புரதங்கள், நொதியங்கள், நச்சுப் பொருள்கள் ஆகியன அதிற் கலந்திருத்தலின் அது வெண்ணிறமாகத் தோன்றுகின்றது. பூக்கும் செடியினங்களுள் 20,000க்கும் மேற்பட்டவை இத்தகைய பாலை உடையன.

செடிக்கு இப்பால் உணவாகப் பயன்படுவதில்லை. காயத்தை மூடுதலும், கடித்துத் தின்ன வரும் உயிர்களைத் தடுத்தலுமே இதன் தொழில்கள். 2004ஆம் ஆண்டு யப்பானிய அறிஞர் கொன்னோவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குகின்றது. பப்பாசி இலையை உண்ட புழுக்கள் மடிந்தன. அதே இலையை நறுக்கி நீரிற் கழுவிப் பாலைப் போக்கிக் கொடுத்தபோது அவை நலமாக உண்டு வளர்ந்தன. கழுவாத இலையின்மேல், பாலிலுள்ள நொதியத்தைச் செயலறச் செய்யும் பொருளொன்றைப் பூசிக் கொடுத்தபோதும் புழுக்களுக்குத் தீங்கு நேரவில்லை. ஆகவே பப்பாசி தன் பாலிலுள்ள நொதியத்தையே படைக்கலமாகக் கொண்டுள்ளது என்பது தெளிவாயிற்று. அந்நொதியம் புரதத்தை அறுக்க வல்லது. 1879இல் வூர்ட்சு என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞரும் அவர்தம் துணைவரும் அதற்குப் பப்பெயின் எனப் பெயரிட்டனர். பச்சைப் பப்பாசிக் காயைக் கீறிப் பால் எடுத்து உலர்த்தி ஏற்றுமதி செய்யும் தொழில் ஒருகாலத்தில் இலங்கையிற் சிறந்து விளங்கியது.

இனி வைரசை நோக்குவோம். வைரசு என்னும் பொருள் முதன்முதல் அறியப்பட்டதே ஒரு செடியின் சாற்றிலிருந்துதான். நோயுற்ற புகையிலையின் சாறு, பற்றீரியாக்களையும் தடுத்து நிறுத்தும் நுண்வடிகளைக் கடந்த பின்னும் நோயைப் பரப்பியது. இதனை 1892இல் உருசிய அறிஞர் இவனோவ்சுக்கியும், 1898இல் ஒல்லாந்த அறிஞர் பெய்யரிங்கும் காட்டினர். வைரசு தானாக உண்பதுமில்லை, தானாகப் பெருகுவதுமில்லை. மரபுச் செய்தியைத் தாங்கும் ஓர் அமிலமும், அதனைப் போர்த்திய புரத உறையுமே அதன் உடல். உயிருள்ள கலமொன்றினுட் புகுந்து, அக்கலத்தின் கருவிகளைத் தன் வசமாக்கியே அது பெருகும். சில வைரசுக்கள் கலத்தினுள் ஆண்டுக் கணக்கிற் செயலற்று உறங்கிக் கிடத்தலும் உண்டு. ஆதலின் வைரசின் வாழ்வும் அழிவும் அது குடியிருக்கும் கலத்தைச் சார்ந்தனவே. பின்வரும் செய்திகளுக்கெல்லாம் இவ்வுண்மையே திறவுகோலாகும்.

மரப்பாலும் வைரசும் சந்திக்கும் முதலிடம் செடியின் உடலே. புரதத்தை அறுக்கும் நொதியம் நிறைந்த பப்பாசியில், புரத உறையுடைய வைரசு தங்குதல் இயலாது என்றே எவரும் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. பப்பாசித் தோட்டங்களைப் பாழாக்கும் வளையப்புள்ளி வைரசு, அழுக்கணவன் என வழங்கும் சிறு பூச்சிகளாற் பரப்பப்படுகின்றது. அப்பூச்சி இலையின் மேற்றோற் கலத்தில் ஒரு கணம் ஊசி போன்ற வாயைச் செலுத்தி எடுத்தாலே போதும், வைரசு உட்புகுந்துவிடும். பாற்குழல்களோ அதற்கும் ஆழத்தில் ஓடுகின்றன. கோட்டையின் காவற்படை ஓரிடத்தில் நிற்கப் பகைவன் வேறொரு வாயிலால் நுழைந்தது போன்றதே இது.

இதனினும் வியப்பானது பிரேசில் நாட்டில் 1980களில் அறியப்பட்ட பப்பாசிப் பிசுபிசுப்பு நோய். அந்நாட்டார் அதனை மெலெய்ரா என்பர். இந்நோய்க்குக் காரணமான வைரசு வேறெங்கும் ஒளிய முயலாது பாற்குழல்களினுள்ளேயே வாழ்கின்றது. நோயுற்ற மரத்தின் பால் செறிவு இழந்து நீர்த்துப் போகின்றது. உறையும் தன்மை குன்றிக் காயிலிருந்து தானே கசிகின்றது. காற்றுப் பட்டுக் கருத்துப் பிசுபிசுப்பாகக் காயின்மேற் படிகின்றது. வைரசுத் துணிக்கைகள் பாலிலுள்ள நுண்துகள்களோடு ஒட்டிக் கிடத்தலே நொதியத்திலிருந்து அவை தப்புதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதுவர். ஒரு மரத்தை வெட்டிய கத்தியைத் துடையாது மற்றொரு மரத்திற் பயன்படுத்தின், பால்வழியே நோயும் உடன் செல்லும். காவற் பொருளே பகைவனுக்கு வீடாகவும் ஊர்தியாகவும் அமைந்துவிட்ட செய்தி இதுவாகும். புழுவைக் கொல்லும் பால் வைரசையும் கொல்லும் என்று கொள்வதற்கு இயற்கையில் ஆதாரமில்லை என்பதை இவ்விரு நோய்களும் உணர்த்துகின்றன.

டெங்குக் காய்ச்சலுக்குப் பப்பாசி இலைச்சாறு கொடுக்கும் வழக்கத்தையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். 2013இல் மலேசியாவிலிருந்து வெளியான ஆய்வு முதலியவை, இலைச்சாற்றை உட்கொண்ட நோயாளரின் குருதியிற் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்ததாகக் கூறுகின்றன. அளக்கப்பட்டது குருதிச் சிறுதட்டு; வைரசு அழிந்தது என்பது அதனாற் பெறப்படாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மருத்துவமனைக்குச் செல்லாதிருத்தல் உயிருக்கே தீங்காய் முடியும்.

இரண்டாவது இடம் மனிதரின் தோல். பாலுண்ணி என்றும் மரு என்றும் கூறப்படும் தடிப்பு, தோலின் மேற்படைக் கலங்களிற் பப்பிலோமா என்னும் வைரசு புகுந்து, அக்கலங்களை அளவின்றிப் பெருகச் செய்வதனால் உண்டாவது. எருக்கம்பாலும் அத்திப்பாலும் இதற்குத் தடவப்படுவது பல நாட்டு வழக்கம். இவ்வழக்கத்தை ஆராய்ந்து பார்த்தோரும் உளர். ஈரானிய மருத்துவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 25 நோயாளர் பங்குகொண்டனர். ஒவ்வொருவருக்கும் உடலின் ஒரு பக்கத்து மருக்களுக்கு அத்திப்பாலும், மறுபக்கத்து மருக்களுக்குக் கடுங்குளிராற் சுடும் மருத்துவ முறையும் கையாளப்பட்டன. அத்திப்பால் தடவிய பக்கத்தில் 11 பேருக்கும், குளிர்முறை கையாண்ட பக்கத்தில் 14 பேருக்கும் மருக்கள் முற்றாக மறைந்தன. அத்திப்பால் குளிர்முறையிலும் சற்றுக் குறைந்ததாயினும் பயனற்றதன்று என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் அங்கு நிகழ்வது யாது? அத்திப்பாலில் உள்ள நொதியம், பப்பெயினைப் போலவே புரதத்தை அறுப்பது. அது தடித்த தோற்கலங்களைச் சிதைக்கின்றது. வைரசு குடியிருந்த வீடு இடிந்து விழுகின்றது. அண்டையில் உள்ள நல்ல தோலும் அத்தாக்குதலுக்குத் தப்புவதில்லை. பாலுக்கு நோயுற்ற கலம் இது, நோயற்ற கலம் இது எனப் பகுத்தறியும் ஆற்றல் இல்லை. எருக்கம்பால் கண்ணிற் பட்டால் விழியின் முன்படலம் வீங்கிப் பார்வை மங்குகின்றது. நோவு மிகாதிருத்தலின் பலர் அதனைப் பொருட்படுத்தாது காலந் தாழ்த்துவர். பால் பட்டவுடன் மிகுந்த நீராற் கண்ணைக் கழுவிக் கண் மருத்துவரை நாடுதலே தக்கது.

மூன்றாவது இடம் கலத்தின் உட்புறம். இவ்விடத்திலேதான் தில்லை மரம் ஆராய்ச்சியினுள் நுழைகின்றது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் இம்மரத்தால் வந்தது. அக்கோயிலின் தலமரமும் இதுவே. இன்று அந்நகரின் கிழக்கே பிச்சாவரத்துக் கண்டற் காட்டில் இம்மரங்களைக் காணலாம். புத்தளம் முதல் சிலாபம் வரையுள்ள களப்போரங்களிலும் இது வளர்கின்றது. கண்டற் காட்டின் நிலத்தை அடுத்த விளிம்பில் நிற்பதும், உதிருமுன் இலைகள் செந்நிறமாதலும், ஆண்மரமும் பெண்மரமும் வெவ்வேறாயிருத்தலும் இதன் இயல்புகள். விறகுக்காக வெட்டுவோர் இதன் பாலுக்கு அஞ்சுவர். அது தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். அம்போயினாத் தீவில் வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டுத் தாவர அறிஞர் இரும்பியசு இதனைக் குருடாக்கும் மரம் என்றே குறித்தார். பின்னர் இலின்னேயசு இட்ட எக்சிகேரியா என்னும் இலத்தீன் பெயருக்கும் பொருள் அதுவே.

எரியூட்டும் இத்தன்மைக்குக் காரணம் போர்போல் எனப்படும் இனத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள். சித்த மருத்துவத்திற் கடும் பேதி மருந்தாக அறியப்பட்ட நேர்வாள எண்ணெயிலிருந்து 1960களில் இவ்வினத்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது தோலிற் பட்டு வீக்கம் உண்டாக்குவதோடு, புற்றுநோயின் வளர்ச்சியைத் தூண்டுவதும் கண்டறியப்பட்டது. அஃது எவ்வாறு அவ்வாறு செய்கின்றது என்பதை 1982இல் யப்பானிய அறிஞர் நிசிசூக்காவின் குழு விளக்கிற்று. ஒவ்வொரு கலத்தினுள்ளும் வெளியிலிருந்து வரும் கட்டளைகளை ஏற்று உட்கருவுக்கு அனுப்பும் நொதியம் ஒன்று உண்டு. அதனைப் புரதக் கைனேசு சி என்பர். போர்போல் அந்நொதியத்திற் போய்ப் பொருந்தி, உண்மையான கட்டளை எதுவும் வராதிருக்கவே அதனை முடுக்கிவிடுகின்றது. பூட்டுக்கு உரியதல்லாத திறப்பு ஒன்று பூட்டைத் திறந்துவிட்டாற் போல்வது இது. அப்போது உறங்கிக் கிடந்த கலம் விழித்தெழுகின்றது. அதனுள் உறங்கிக் கிடந்த வைரசும் உடன் எழுகின்றது.

வைரசை எழுப்புதல் நன்மையோ தீமையோ என்பது வைரசைப் பொறுத்தது. 1964இல் எப்சுதைன், ஆச்சொங், பார் என்னும் மூவர், ஆபிரிக்கச் சிறுவரைத் தாக்கும் பேர்க்கிற்றுப் புற்றுநோயின் கலங்களில் ஒரு வைரசைக் கண்டனர். மக்களுட் பெரும்பாலாரின் வெண்குருதிக் கலங்களில் அது வாழ்நாள் முழுவதும் தீங்கின்றி உறங்குகின்றது. போர்போல் அவ்வைரசை எழுப்பும் என்பதை 1978இல் செருமானிய அறிஞர் அரால்டு சூர் அவுசனும் பிறரும் காட்டினர். பப்பிலோமா வைரசுக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டமைக்காக 2008இல் நோபல் பரிசு பெற்றவரும் இவ்வறிஞரே. ஆபிரிக்காவில் அப்புற்றுநோய் மிகுந்த பகுதிகளில், வேலியிலும் வீட்டருகிலும் திருகுகள்ளி வளர்க்கப்படுவதைப் பின்னர் ஆய்வாளர் கவனித்தனர். இலின்னேயசு தாம் இட்ட இலத்தீன் பெயரிலும் திருகள்ளி என்னும் நம் நாட்டுச் சொல்லையே போற்றிய செடி அது. மலாவி நாட்டில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு, நோயுற்ற சிறுவரின் வீடுகளின் அருகே இக்கள்ளி மிகுந்து காணப்பட்டதைக் குறித்தது. மலேரியாவும் சேர்ந்தே இந்நோய்க்கு வழிவகுக்கின்றது. ஆதலின் கள்ளி ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. எனினும் ஆய்வுகூடத்தில் இக்கள்ளிப்பால் அவ்வைரசை எழுப்புதல் உறுதியாகியுள்ளது. கள்ளிப்பாலை வயிற்று நோய்க்கும் பல்வலிக்கும் உட்கொள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எச்.ஐ.வி. நோயில் நிலைமை தலைகீழாகின்றது. இந்நோய்க்கு இன்று வழங்கும் மருந்துகள் வைரசின் பெருக்கத்தை நன்கு அடக்குகின்றன. ஆனால் சில வெண்குருதிக் கலங்களினுள் வைரசு உறங்கிக் கிடக்கின்றது. உறங்கும் வைரசை மருந்தும் காணாது. உடலின் காவற்படையும் காணாது. மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் எழும். ஆகவே அதனை வலிந்து எழுப்பி வெளிக்கொணர்ந்து, பின்னர் அழித்தல் கூடுமோ என அறிஞர் ஆராயலாயினர். சமோவாத் தீவின் வைத்தியர் மஞ்சட்காமாலைக்குக் கொடுத்துவந்த மாமாலா என்னும் மரப்பட்டையிலிருந்து 1992இல் புரொசுத்திராற்றின் என்னும் பொருள் பெறப்பட்டது. அம்மரமும் கள்ளி, ஆமணக்கு, தில்லை ஆகியவற்றின் குடும்பத்தையே சேர்ந்தது. அப்பொருள் போர்போலுக்கு நெருங்கிய உறவினதாயினும் புற்றுநோயைத் தூண்டுவதில்லை. உறங்கும் எச்.ஐ.வி.யை அது எழுப்புகின்றது. புதிய கலங்களில் வைரசு நுழையும் வாயில்களையும் குறைக்கின்றது.

மூன்று ஆண்டுகளின் பின், 1995இல், அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்தோர் அவுஸ்திரேலியாவின் வடமேற்கிற் சேர்த்த தில்லையின் இலையையும் தண்டையும் ஆராய்ந்து, எச்.ஐ.வி.யினாற் கலங்கள் அழிவதைத் தடுக்கும் புதிய போர்போல் பொருள் ஒன்றைப் பிரித்தனர். கண்ணைக் குருடாக்கும் மரத்திலேயே இத்தகைய பொருளும் இருந்தது. பிரேசில் நாட்டார் திருகுகள்ளிப் பாலிலிருந்து பெற்ற இஞ்செனோல் என்னும் உறவுப் பொருளையும் இதே நோக்கத்துக்காக ஆராய்ந்துள்ளனர். 2012இல் பிரெஞ்சு, பெல்ஜிய ஆய்வாளர் இவ்வினப் பொருள்கள் ஆய்வுகூடக் கலங்களிற் சிக்குன்குன்யா வைரசின் பெருக்கத்தைத் தடுப்பதையும் காட்டினர். அந்நோய் 2006ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிற் பெரிதும் பரவி மக்களை முடக்கியதைப் பலர் மறந்திரார். எனினும் இவற்றுள் எதுவும் இதுவரை வைரசு நோய்க்குரிய மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மரப்பால் வைரசை நேரே நோக்கி எய்யப்படும் அம்பன்று. பாலுண்ணியில் அது கலத்தைச் சிதைக்கின்றது. வெண்குருதிக் கலத்தில் அது கலத்தை முடுக்குகின்றது. வைரசுக்கு நேர்வது அதன் பின்விளைவே. ஒரே பால் ஓரிடத்தில் நோயை எழுப்புவதும் மற்றோரிடத்தில் நோய் தீர்க்கும் நம்பிக்கையை அளிப்பதும் இக்காரணத்தாலேயே. வைரசை நேராகத் தடுக்கும் மரப்பால் ஒன்று உண்டெனின், அது மருத்துவர் கையுறையாக அணியும் இறப்பர்ப் பாலே. 1876இல் கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட மரக்கன்றுகளோடு இலங்கைக்கு வந்த அப்பால், மருந்தாக நின்று தடுப்பதில்லை. இடைச்சுவராக நின்றே தடுக்கின்றது.

ஆகையினால் அளவும் வடிவும் இன்றியமையாதன. கீறி எடுத்த பச்சைப் பாலில் எத்தனை பொருள்கள், எந்தெந்த அளவில் உள என்பது மரத்துக்கு மரமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும். ஆராய்ச்சியாளர் ஒரு மூலக்கூறைத் தனித்தெடுத்து அளந்து கொடுக்கும்போதும் இடர் முற்றாக நீங்குவதில்லை. சிறு கள்ளியினம் ஒன்றின் பாலிலிருந்து பெற்ற இஞ்செனோல் களிம்பு, வெயிலாற் கெட்ட தோலுக்குரிய மருந்தென 2012இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதனைப் பூசியோருக்குத் தோற் புற்றுநோய் மிகலாம் என்னும் ஐயம் எழுந்தமையால் 2020இல் ஐரோப்பாவில் அது நீக்கப்பட்டது. அளந்து கொடுத்த மருந்துக்கே இந்நிலையெனின், அளவறியாப் பச்சைப் பாலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இவ்வாராய்ச்சி முந்தற் கரையோடு தொடர்புடையது. 1980களிலும் 1990களிலும் இக்கரையோரக் கண்டல்கள் பல அழிக்கப்பட்டு இறால் பண்ணைகள் தோன்றின. 1996இல் வெண்புள்ளி நோய் என்னும் வைரசு நோய் அப்பண்ணைகளைத் தாக்கியது. ஒரு குளத்து நீர் மற்றொரு குளத்துக்குப் பாய்ந்த வழியெல்லாம் நோயும் பாய்ந்தது. பல பண்ணைகள் கைவிடப்பட்டன. அவற்றின் வெறுங்குளங்கள் இன்றும் உப்புப் படிந்து கிடக்கின்றன. இறாலும் போயிற்று, அவ்விடத்து நின்ற மரமும் போயிற்று. 2015இல் நாட்டிலுள்ள கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமொன்று இலங்கையில் அறிவிக்கப்பட்டது. கண்டற் காடு மீனினங்கள் குஞ்சு வளரும் இடம் என்பதும், அலையையும் புயலையும் தடுக்கும் அரண் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு காரணத்தைத் தில்லை தருகின்றது.

சமோவாவின் பலேயாலுப்போ என்னும் சிற்றூரார், பாடசாலை கட்டுதற்குப் பணம் வேண்டித் தம் காட்டை மரவியாபாரிகளுக்கு விற்கும் நிலையில் இருந்தனர். மாமாலா மரத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தாவரவியலறிஞர் பால் கொக்சு பாடசாலைக்குரிய பணத்தைத் திரட்டிக் கொடுக்க, 1989இல் அவ்வூரார் காட்டைக் காப்பதாக உடன்பட்டனர். 2001இற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, புரொசுத்திராற்றினிலிருந்து என்றேனும் மருந்து உருவாகுமாயின் அதன் வருவாயில் 20 வீதம் சமோவா மக்களுக்கு உரியதாகும். மரத்தை அறிந்த மக்களும், அதனை ஆராய்ந்த அறிஞரும், காட்டைக் காத்த ஊராரும் ஒரே ஏற்பாட்டில் இணைந்தமையே அச்செய்தியின் சிறப்பு.

தில்லை முந்தலுக்கு அயல்நாட்டுச் செடியன்று. அதன் பால் கண்ணைக் கெடுக்கும் என்பதை இக்கரை மக்கள் தலைமுறைகளாக அறிவர். அதே மரத்தின் மூலக்கூறு வைரசோடு பொருதும் என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகம் அறிந்தது. இவ்விரு அறிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல; கலத்தின் ஒரே பூட்டைத் திறக்கும் ஒரே திறப்பைப் பற்றியே இரண்டும் பேசுகின்றன. பாலை அஞ்சி விலகி நிற்கும் விறகுவெட்டியின் எச்சரிக்கையும், அதனைத் துளித்துளியாக அளக்கும் ஆய்வாளரின் பொறுமையும் ஒருங்கே கைவரப் பெற்றோர்க்கே இம்மரம் தன் பயனை அளிக்கும். அதுவரை அது களப்போரத்தில் நின்றுகொண்டிருத்தல் வேண்டும்.